இரண்டு பெயர்களும் ஒரு வெட்டுப்புள்ளியும்

புஷ்பராணி அன்றைக்குச் செருப்பைக் கழற்றவில்லை.

பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்து, நேரே குசினிக்குப் போய், அடுப்பில் என்ன இருக்கிறதென்று மூடியைத் தூக்கிப் பார்க்கிறவள். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் லேனிலேயே இரண்டு வீடு தள்ளி, சரிவில் கீழே இருக்கிறாள். டவுனில் ஒரு புடவைக் கடையில் காசாளர். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் கண்டிக்குப் போவோம். அவள் கடைக்கு, நான் மாநகரசபையில் வீட்டு வரி மதிப்பீட்டுப் பிரிவுக்கு.

அன்று வாசல்படிக்கு வெளியே நின்றாள். மழை விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் அவள் காலிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. மற்றக் கையில் நீளமான மண்ணிற உறை.

"உள்ள வா புஷ்பம்."

"இல்ல, ஒரு விசயம் கேட்டுட்டுப் போயிர்றேன். நீங்களா எழுதிப் போட்டீங்க, சாந்திக்கா?"

உறைக்குள் இருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். பல்கலைக்கழக அனுமதி பார்க்கும் கந்தோரிலிருந்து வந்திருந்தது. அவளுடைய மகள் தர்ஷினி எந்த மாவட்டத்தில் படித்தாள் என்பதற்குப் பாடசாலை வரவுப் பதிவையும் கிராம சேவகரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வரும்படி கேட்டிருந்தார்கள். மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பித்திருந்த பிள்ளை.

"யாரோ மொட்டக் கடிதம் போட்டிருக்காங்க, தர்ஷி ஹட்டன்ல படிக்கலன்னு. அவ புள்ளிக்கு எந்த மாவட்டத்துல கெடைக்கும், எதுல கெடைக்காதுன்னு கணக்கா தெரிஞ்ச ஆள், ஒங்கள விட்டா இங்க யாரு இருக்கா?"

"நான் போடல," என்றேன்.

அது உண்மை. ஆனால் அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாளை வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

சீ.ஆர். கொப்பி

இந்தத் தொடரில் இதுவரை அலுவலகக் கதைகளைத்தான் எழுதி வந்தேன். இந்த வாரக் கதை வீட்டுக்குள் நடந்தது. ஆனாலும் என் உத்தியோகத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

மதிப்பீட்டுப் பிரிவில் நீண்ட காலம் இருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி வந்துவிடும். எந்த வீட்டைப் பார்த்தாலும், பின்னால் கணக்கில் சொல்லாத அறை ஒன்று இருக்கும் என்றே தோன்றும். ஒருமுறை அம்பிட்டியப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி, கேக், நல்ல உபசாரம். ஆனால் மாடிப்படி இருக்க வேண்டிய இடத்தில் பெரிய அலுமாரி ஒன்றை நகர்த்தி வைத்திருந்தார்கள். நான் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த அலுமாரியின் கால்களைப் பார்த்தேன். தரையில் இழுத்த கோடு இன்னும் புதிதாகத் தெரிந்தது.

அந்தக் கண்ணோடுதான் நான் எல்லாவற்றையும் பார்ப்பேன். என் மகன் சுதனுக்குப் பொறியியல் பீடம் மயிரிழையில் தவறியபோது, மற்ற அம்மாக்கள் அழுவார்கள், நான் சந்தேகப்பட்டேன். எங்கோ யாரோ பிழை விட்டிருக்கிறார்கள் என்று நம்பினேன். பழைய வருடங்களின் வெட்டுப்புள்ளிகளை, அதாவது ஒவ்வொரு பீடத்துக்கும் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் புள்ளியை, தேடித் தேடி, மாவட்டம் மாவட்டமாகத் தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதினேன். பிழை எதுவும் கிடைக்கவில்லை. சுதன் இப்போது பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில்தான் இருக்கிறான். கொப்பி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

பிறகு ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறு வந்தால் போதும், எங்கள் வீட்டு விறாந்தையில் ஆட்கள் இருப்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் பிள்ளையின் இசட் புள்ளியைச் சொல்வார்கள். நான் கொப்பியைத் திறந்து, அந்தப் படிப்புக்கு வெட்டுப்புள்ளி ஏறிக்கொண்டு வருகிறதா இறங்கிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பேன். "கிடைக்கும்", "கிடைக்காது", "தொங்கல்". இந்த மூன்றில் ஒன்றைச் சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம்

இந்த விசயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவ பீடம் போன்றவற்றுக்கு எங்கள் நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறு. வசதி குறைந்த மாவட்டத்துப் பிள்ளை குறைந்த புள்ளியில் உள்ளே போகலாம். கண்டியில் கைவிரித்துவிடுகிற அதே புள்ளிக்கு, மலைக்கு அந்தப் பக்கம் நுவரெலியா மாவட்டத்தில் டொக்டர் ஆகலாம். பரீட்சைக்கு முந்திய வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கூடுதலாகப் படித்ததோ, அதுதான் அந்தப் பிள்ளையின் மாவட்டம்.

தர்ஷினி சாதாரணதரப் பரீட்சை, அதாவது ஓ.எல்., முடித்ததும் புஷ்பராணி அவளை நுவரெலியா மாவட்டத்து ஹட்டனில் இருக்கும் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அங்கே ஒரு பாடசாலையில் உயர்தரத்துக்குச் சேர்த்தாள்.

"அண்ணன் வீட்ல பொம்பளப் புள்ள இல்லக்கா. அண்ணி ஆசப்பட்டுக் கேட்டாங்க," என்றாள் பஸ்ஸில்.

நான் தலையாட்டினேன். அம்பிட்டிய வீட்டு அலுமாரி என் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு புதன்கிழமை, ஏதோ வேலையாக அலுவலகத்திலிருந்து வெளியே வந்தபோது, மணிக்கூட்டுக் கோபுரத்துப் பஸ் நிலையத்தில் தர்ஷினியைக் கண்டேன். பாடசாலைச் சீருடை இல்லை. மார்போடு அணைத்த ஃபைலில் டியூஷன் வகுப்பில் கொடுக்கும் டியூட் தாள்கள் துருத்திக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் சிரித்தாள். "லீவு ஆன்ட்டி," என்றாள், நான் கேட்காமலே.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அதே ஃபைல். இந்த முறை அவள் என்னைக் காணவில்லை, அல்லது காணாத மாதிரி நின்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

ஒரே பக்கத்தில்

பெறுபேறு வந்த வாரம் புஷ்பராணி வந்தாள். அன்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தாள். தர்ஷினியும் கூட வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நகத்தைச் சுற்றிய தோலைக் கடித்துக் கடித்துச் சிவக்க வைத்திருந்தாள்.

புள்ளியைச் சொன்னார்கள். நான் கொப்பியைத் திறந்தேன். கண்டிப் பக்கத்தைப் பார்த்தேன். இடமே இல்லை. நுவரெலியாப் பக்கத்தைத் திருப்பினேன்.

"கண்டியா இருந்தா கஷ்டம். ஹட்டன்ல எழுதுனதால கெடைக்கும். ஆனா நூல் அளவுதான்."

புஷ்பராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னா சரியா இருக்கும்க்கா." பெயரைக் குறித்து வைக்கச் சொன்னாள். எழுதினேன். தர்ஷினி, புள்ளி, பரீட்சை இலக்கம்.

அன்று பின்னேரமே, அதே நுவரெலியா மாவட்டத்துத் தலவாக்கலையிலிருந்து என் தங்கை செல்வி ஃபோன் எடுத்தாள். அவள் கணவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகள் கீர்த்தனாவும் அதே பரீட்சை, அதே உயிரியல். சனிக்கிழமைகளில் மட்டும் ஹட்டனுக்கு ஒரு வகுப்புக்குப் போவாள். மற்றதெல்லாம் பாடசாலையில் படித்ததுதான்.

"பாத்துச் சொல்லு அக்கா. பயப்படுற மாரி இருந்தாலும் சொல்லு."

புள்ளியை எழுதினேன். எழுதிய பிறகுதான் கவனித்தேன். ஒரே பக்கத்தில், தர்ஷினிக்கு நேர் கீழே கீர்த்தனா. இரண்டு புள்ளிக்கும் இடையில் மிகச் சிறிய வித்தியாசம், தர்ஷினிக்குத்தான் கூட. என் கணக்கின்படி அந்த வருட வெட்டுப்புள்ளி அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவிலேயே விழும் போலிருந்தது.

"தொங்கல்," என்றேன் செல்வியிடம்.

"தொங்கல்னா?"

"மேல ஒரு ஆள் குறைஞ்சா கெடைக்கலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகும் அந்த வசனம் எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

உண்மையை விரும்பும் ஒருவர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளை எடுத்தேன். கணவர் முன்னறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் குசினி மேசையில் உட்கார்ந்து எழுதினேன்.

ஐயா, என்று தொடங்கினேன். கண்டியில் வசிக்கும் ஒரு மாணவி பதிவில் மட்டும் ஹட்டனில் படித்துவிட்டு, மலையகப் பிள்ளை ஒன்றுக்கு உரிய இடத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. இந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது, புஷ்பராணிக்குக் கடையில் லீவு கிடைக்காமல், நான்தான் மூன்று நாள் பக்கத்தில் இருந்து இளநீர் கொடுத்தேன்.

கை நின்றது என்று எழுதிவிட்டு அத்தோடு விட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன். ஆனால் பிறகு எழுதினேன். பெயர், பாடசாலை, பரீட்சை இலக்கம் எல்லாம். கொப்பியைப் பார்த்து இலக்கத்தைச் சரிபார்த்தும் கொண்டேன். கீழே 'உண்மையை விரும்பும் ஒருவர்' என்று போட்டேன்.

உறையில் விலாசம் எழுதவில்லை. தாளை நாலாக மடித்து, அலுமாரியில், விசேஷத்துக்கு மட்டும் கட்டும் என் சாரிகளுக்குக் கீழே வைத்தேன். திங்கட்கிழமை யோசிக்கலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வந்தது, போனது. போஸ்ட் பண்ணவும் மனம் வரவில்லை. கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் நான் அந்தத் தட்டைத் தொடவே இல்லை.

அதனால்தான் வாசலில் நின்று புஷ்பராணி கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல நேரம் எடுத்தது.

சாரிகளுக்குக் கீழே

அவள் சரிவில் இறங்கி மறைந்ததும் உள்ளே ஓடி அலுமாரியைத் திறந்தேன்.

தாள் இல்லை.

சாரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டேன். உதறினேன். தட்டில் விரித்திருந்த பேப்பரையும் தூக்கிப் பார்த்தேன். இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கணவர் தபால் கந்தோரில் வேலை செய்கிறவர். கீர்த்தனா குழந்தையாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வருடம் வளர்ந்தாள். அவர் மடியை விட்டு இறங்கமாட்டாள். அவள் டொக்டராக வேண்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் ஆசை. விலாசம் தெரியாத கடிதத்தைக்கூடச் சேர வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடக்கூடிய மனிதர்.

வேலையால் வந்து சேர்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"என் சாரிக்குக் கீழ ஒரு கடதாசி இருந்துச்சு. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்க?"

"கிழிச்சுக் கக்கூசுல போட்டுட்டேன்."

"எப்ப?"

"நீ வச்சு ரெண்டு மூணு நாள்ல. கரண்ட் பில் தேடுறப்ப கெடச்சுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சேர்ட்டை ஆணியில் மாட்டினார். "சொன்னா திரும்ப ஒண்ணு எழுதியிருப்ப. நீ போஸ்ட் பண்ணிருவன்னு நெனச்சேன்."

நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றேன். அவர் என்னை இரண்டு மாதமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கிறார்.

அவர் சொன்னதை நம்பினேன் என்று எழுதத்தான் ஆசை. பகலில் நம்பினேன். இரவில் சாப்பாடு போடும்போது அவர் கையைப் பார்ப்பேன், அந்தக் கைதான் உறையில் விலாசம் எழுதியிருக்குமோ என்று. அவர் அதைக் கவனித்தார். ஒரு நாள், "இன்னும் கொஞ்சம் சொதி ஊத்து. மொறச்சுப் பாத்தது போதும்," என்றார்.

புஷ்பராணி அடுத்த நாளிலிருந்து முந்திய பஸ்ஸில் போகத் தொடங்கினாள். ஒரே லேன் என்பதால் எதிரெதிரே வருவது தவிர்க்க முடியாது. அப்போதெல்லாம் அவள் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டு கடந்து போவாள். லேனில் மற்ற வீட்டுக்காரர்களும் என் விறாந்தைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவள் சொன்னாளா, அவர்களாக ஊகித்தார்களா, தெரியாது. யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும், ஏன் சிரிக்கிறார்கள் என்று யோசித்தேன்.

வெட்டுப்புள்ளி வந்த பிறகு

அந்த வருட வெட்டுப்புள்ளிகள் வெளியானபோது அலுவலகத்திலேயே ஃபோனில் பார்த்தேன். நுவரெலியாவின் மருத்துவப் புள்ளியை இரண்டு முறை வாசித்தேன். என் கணக்கைத் தாண்டி ஏறியிருந்தது.

தர்ஷினிக்கும் இல்லை. கீர்த்தனாவுக்கும் இல்லை. இரண்டு பேருமே கோட்டுக்குக் கீழே. நான் கண்ணால் கண்டமாதிரி நம்பிய அந்த ஓர் இடம், இருவரில் யாருக்கும் இருந்ததில்லை.

செல்வி ஃபோனில் அழவில்லை. "திரும்ப எழுதுறாளாம்," என்று மட்டும் சொன்னாள்.

சில வாரம் கழித்து மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தர்ஷினியைச் சந்தித்தேன். அவளாகவே கிட்ட வந்தாள். மட்டக்களப்புப் பக்கம் விஞ்ஞானப் படிப்புக் கிடைத்திருக்கிறது என்றாள். முகம் கொஞ்சம் மெலிந்திருந்தது. நான் தயங்கித் தயங்கிக் கொழும்பு விசாரணையைப் பற்றிக் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல ஆன்ட்டி. அங்க போனா வரிசையா ஆக்கள் உக்காந்திருந்தாங்க. ஓ.எல்.லுக்குப் பொறகு மாவட்டம் மாறுன எல்லாருக்கும் அந்தக் கடிதம் போயிருக்கு. யாரும் பெட்டிசன் போடலன்னு அந்த மிஸ்ஸே சொன்னாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவும் பக்கத்துலதானே இருந்தாங்க. ஒங்ககிட்ட சொல்லலயா?"

கட்டுகஸ்தோட்டைப் பஸ்ஸில் நின்றபடி வரும்போது, புஷ்பராணி அன்று காட்டிய தாளை நினைத்துப் பார்த்தேன். அது அச்சடித்த படிவம். பெயரும் இலக்கமும் மட்டும்தான் பேனாவால் எழுதியிருந்தது. இருபத்தைந்து வருடமாக அதே மாதிரிப் படிவங்களை நிரப்பி ஆயிரம் வீட்டுக்கு அனுப்புகிறவள் நான். பார்த்த உடனே தெரிந்திருக்க வேண்டும். என் தாளைப் பற்றிய பயத்தில் அவள் தாளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

ஆனால் அன்று எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். அவளுக்கு அத்தனை மாதமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே கைப்பைக்குள் தேடியபடி என்னைக் கடந்து போயிருக்கிறாள்.

புஷ்பராணியின் வீட்டில்

வீட்டுக்குப் போகாமல் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரும் பெட்டிசன் போடலன்னு ஒனக்கு அன்னைக்கே தெரியும். ஒரு வார்த்த வந்து சொல்லத் தோணலயா புஷ்பம்?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வரத்தான் நெனச்சேன். ஒங்க கேட் வரைக்கும்கூட வந்தேன். ஆனா நான் கேட்டப்ப நீங்க நின்ன நிப்பு மனசுல இருந்துச்சு. ஒண்ணும் செய்யாத ஆள் ஒடனே சண்டைக்கு வருவாங்க, சாந்திக்கா. நீங்க வரல. நீங்க யோசிச்சீங்க."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"எழுதுனேன்," என்றேன். "பேரு, நம்பர் எல்லாம் போட்டு எழுதுனேன். அனுப்பல. அவரு கிழிச்சுட்டாரு. அவரு கிழிக்காட்டி அனுப்பியிருப்பேனான்னு எனக்கே தெரியாது."

அவள் ஒரு பயற்றங்காயை எடுத்து நாரை மட்டும் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கீர்த்தனாவுக்காகவா?"

"ஆமா."

"நீங்க எழுதுனது பொய்யில்ல," என்றாள் மெதுவாக. "கெழமைக்கு ரெண்டு நாள் அவ இங்கதான் கிளாசுக்கு வந்தா. அந்த நாள்லயும் ஸ்கூல் ரிஜிஸ்டர்ல வந்ததா இருந்துச்சு. கொழும்புல அந்த மிஸ் ரிஜிஸ்டரப் பொரட்டுறப்ப எனக்கு வேர்த்து ஊத்திருச்சு." பிறகு என்னைப் பார்த்தாள். "என் தங்கச்சி புள்ளையா இருந்தா நான் போஸ்ட் பண்ணியிருப்பேன்க்கா."

மன்னிக்கிறாளா, குத்துகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் தெரியவில்லை. உள்ளே போய் பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்தாள். குடித்தேன்.

அடுத்த கிழமையிலிருந்து அவள் பழைய பஸ்ஸுக்கே வந்தாள். விலைவாசி பேசினோம், மழை பேசினோம். பிள்ளைகளின் புள்ளி பற்றி மட்டும் பேசவில்லை.

மறு வருடம் கீர்த்தனா திரும்ப எழுதினாள். இந்த முறை அவளுக்கு மருத்துவ பீடம் கிடைத்தது. செல்வி ஃபோனில் அப்போதுதான் அழுதாள். என் கணவர் லேன் முழுக்கத் தொதல் இனிப்புக் கொடுக்கப் புறப்பட்டார். நான் தடுத்துவிட்டேன். புஷ்பராணியிடம் எப்படிச் சொல்வதென்று மூன்று நாள் யோசித்தேன்.

நாலாம் நாள் பஸ் தரிப்பில் அவளே கேட்டாள், வீதியைப் பார்த்தபடி.

"கீர்த்தனாவுக்குக் கெடச்சிருச்சாமே."

"ஆமா புஷ்பம்."

"எந்த மாவட்டத்துல?"

"நுவரெலியா. அவ அங்கதானே பொறந்து படிச்சா."

"தெரியும். சும்மா கேட்டேன்."

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் கைப்பையை வைத்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். கிட்டே வரும்வரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஒக்காருங்க," என்றாள்.